சங்கர்லால் வராத காடு

துப்பறியும் கதை என்றதும் நம் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் சங்கர்லால். தமிழ்வாணன் படைத்த அந்தத் துப்பறிவாளர் தேநீர் பிரியர். உடையில் கசங்கல் இருக்காது, நடத்தையிலும் இருக்காது. அவர் வந்துவிட்டால் குற்றவாளி பிடிபடுவான் என்ற நம்பிக்கையோடு கதையைத் தொடங்கலாம். பிறகு சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று வரிசை நீண்டது. ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கி, இறங்கும் ஊர் வருவதற்குள் முடித்துவிட்ட நாவல்கள் எத்தனையோ! இவர்களிடம் ஒரு பொதுத்தன்மை உண்டு. குற்றம் வெளியே இருக்கும்; துப்பறிகிறவர் தூய்மையாக இருப்பார்.

இந்தக் குளிர் நாட்டுக்குக் குடிவந்த பிறகு நம் வீடுகளுக்குள் வேறு வகைத் துப்பறிவாளர்கள் நுழைந்துவிட்டார்கள். இருட்டும் பனியும் நிறைந்த நவம்பர் மாதத்தில், மாலை நான்கு மணிக்கே விளக்கேற்றிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தால், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஒரு காவலர் யாரோ ஒருவரின் பிணத்தருகே நின்றுகொண்டிருப்பார். மணமுறிவு, குடி, உறக்கமின்மை, மேலதிகாரியோடு பூசல் என்று அவருக்கு ஆயிரம் தொல்லைகள். போதாக்குறைக்கு அவரே ஏதோ ஒரு பொய்யை மறைத்துக்கொண்டிருப்பார். "இதையெல்லாம் எதற்குப் பார்க்கிறீர்கள், மனசு கெட்டுப்போகிறது" என்று என் மனைவி சொல்வதுண்டு. பிள்ளைகளோ விரும்பிப் பார்க்கிறார்கள்.

ஏன் பார்க்கிறார்கள் என்று யோசித்தபோது, என் எண்ணம் ஸ்டாக்ஹோமில் நிற்காமல் நான் பிறந்து வளர்ந்த ரேணிகுண்டாவுக்குப் போயிற்று. அந்தக் காரணத்தைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முனைகிறேன்.

கறை படிந்த காவலர்கள்

இந்த வடநாட்டுக் குற்றக் கதைகளுக்கு மூலவர்கள் என்று மாய் ஷோவால், பெர் வாலோ என்ற சுவீடன் தம்பதியரைச் சொல்வார்கள். 1965 முதல் 1975 வரை மார்ட்டின் பெக் என்ற காவல் அதிகாரியை வைத்துப் பத்து நாவல்கள் எழுதினார்கள். அவர்களுக்குக் கொலை ஒரு சாக்குதான். மக்கள்நல அரசு என்று உலகம் மெச்சிய சுவீடனில் யார் யார் கைவிடப்பட்டிருக்கிறார்கள் என்று காட்டுவதே நோக்கம்.

1971இல் வந்த ஏழாவது நாவலில் கொல்லப்படுகிறவரே ஒரு காவல் அதிகாரி. விசாரிக்க விசாரிக்க அவர் எத்தனை கொடியவர் என்பது வெளிப்படுகிறது. அவர்மீது பொதுமக்கள் கொடுத்த புகார்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் சக காவலர்கள் "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிக்கொடுத்தே மூடியிருக்கிறார்கள். நீரிழிவு நோயால் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் குடிபோதையில் கிடக்கிறாள் என்று எண்ணிக் காவலறையில் போட்டுவிட, அவள் அங்கேயே இறந்துபோகிறாள். அவளுடைய கணவனும் ஒரு காவலர்தான். துப்பாக்கியை எடுத்தவன் அவனே. இந்தக் கதையில் யார் குற்றவாளி, யார் காவலர் என்று கோடு கிழிக்க முடியுமா?

1997இல் நார்வேயில் எடுக்கப்பட்ட 'இன்சோம்னியா' என்ற படத்தில் இது இன்னும் நெருக்கமாக வருகிறது. ஓர் இளம்பெண்ணின் கொலையை விசாரிக்க வடகோடி ஊருக்குப் போகும் சுவீடன் நாட்டுத் துப்பறிவாளர், மூடுபனியில் குற்றவாளி என்று நினைத்துத் தன் கூட்டாளியையே சுட்டுவிடுகிறார். நடந்ததைச் சொல்லிவிட்டால் தவறு தவறோடு போயிருக்கும். அவர் மறைக்கிறார். மறைத்ததை மறைக்கச் சான்றுகளை மாற்றுகிறார். கொலைகாரனோ அதைப் பார்த்துவிட்டவன். அங்கே இரவிலும் சூரியன் மறைவதில்லை. எத்தனை திரைகளை இழுத்து மூடினாலும் அறைக்குள் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது. அவரால் உறங்க முடிவதில்லை. 2002இல் இதே கதை ஹாலிவுட்டில் அல் பசினோ நடிக்க மறுபடி எடுக்கப்பட்டது.

இந்தக் கதைகளின் சாரம் எளிது. சட்டத்தின் பெயரால் துப்பாக்கி ஏந்துகிறவன் ஒரு பொய் சொன்னால், அந்தப் பொய்யை யார் துப்பறிவது? இந்தக் கேள்வி வடதுருவத்துக்கு மட்டும் உரியதன்று. நம் வேங்கடமலை அடிவாரத்தில் இதே கேள்வி பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பதிலின்றி நிற்கிறது.

வேங்கடத்தின் மறுபக்கம்

ரேணிகுண்டா என்றால் நம்மில் பலருக்குத் திருப்பதிக்குப் போகும் வழியில் வரும் சந்திப்பு நிலையம். சென்னையிலிருந்து பம்பாய் போகும் பாதையும் கூடூரிலிருந்து வரும் பாதையும் அங்கே சேருகின்றன. திருப்பதி விமான நிலையம் இருப்பதும் ரேணிகுண்டாவில்தான். என் தந்தையார் ரயில்வேயில் இருந்ததால் எங்களுக்கு அங்கே குவார்ட்டர்ஸ். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, நடைமேடையில் எல்லா மொழிகளும். மொட்டைத் தலையும் சந்தனப் பூச்சுமாகத் திரும்பிவரும் தமிழகப் பக்தர் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தோம்.

வடமேற்கே பார்த்தால் மலை தெரியும். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடம் அதுதான். சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து உருவானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அதோடு போயிற்று. ம.பொ.சி. போன்றோரின் எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960இல் நமக்குத் திரும்பி வந்தது, திருப்பதி வரவில்லை. 2022 ஏப்ரல் முதல் ரேணிகுண்டா புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கோடு மாறினாலும் மலைக்கு இருபுறமும் சனங்கள் போய்வருவது நின்றதேயில்லை.

அந்தச் சேஷாசலம் மலைத்தொடரிலும் அதை ஒட்டிக் கடப்பா, நெல்லூர் வரை நீளும் மலைகளிலும் செம்மரம் வளர்கிறது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இப்படி வளர்வதில்லை. சந்தனத்துக்கு உறவு போலப் பெயர் இருந்தாலும் இதற்கு மணம் கிடையாது. வைரம் பாய்ந்த சிவப்பு நிறமே இதன் மதிப்பு. சீனத்தில் உயர்ந்த மேசை நாற்காலிகளும், ஜப்பானில் இசைக்கருவிகளும் இதில் செய்கிறார்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1995இல் இது சேர்க்கப்பட்டது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தடை இறுக இறுகக் கள்ளச்சந்தை விலை ஏறிற்று.

மரத்தை வெட்டுவது யார்? வாங்குகிறவன் கடல் கடந்து இருக்கிறான். கடத்துகிறவன் நகரத்தில் இருக்கிறான். இரவில் மலையேறிக் கோடரி பிடித்து, கட்டையைத் தோளில் சுமந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கத்து ஏழைகள். ஜவ்வாது மலையிலும் சித்தேரி, கல்வராயன் மலைகளிலும் வாழும் பழங்குடியினர் அவர்களில் ஏராளம். மரம் வெட்டத் தெரிந்தவர்கள், மலையேறத் தெரிந்தவர்கள், ஊரில் வேலை இல்லாதவர்கள். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் தரகன் தேடி வராமல் இருப்பானா? முன்பணம் கொடுப்பான், வண்டி ஏற்றுவான், பிடிபட்டால் தெரியாது என்பான்.

வெட்டுவது குற்றம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. காட்டைக் காக்க உயிர்விட்டவர்களும் இருக்கிறார்கள். 2013 டிசம்பரில் இரண்டு வன அதிகாரிகள் சேஷாசலம் காட்டில் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அவர்கள் வீட்டிலும் அழுதவர்கள் உண்டு. அந்தக் கொலைக்காக ஏறத்தாழ 300 தமிழகத் தொழிலாளர்கள் பிடிக்கப்பட்டு இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அப்படியானால் அந்த இரு அதிகாரிகளைக் கொன்றவர் யார்? 300 பேரை உள்ளே வைத்தது துப்பறிவு ஆகாது. அதனால் இறந்தவர்களுக்கும் நீதி இல்லை, இருந்தவர்களுக்கும் நீதி இல்லை.

2015 ஏப்ரல் 7

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த செய்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சந்திரகிரியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புத் தனிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை.

ஆனால் ஒரு துப்பறியும் நாவலாசிரியர் கேட்கக்கூடிய கேள்விகளை அன்றே மனித உரிமை அமைப்பினர் கேட்டார்கள். உடல்கள் இரண்டு இடங்களில் கிடந்தன. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித் தாக்குதல் நடந்ததா? குண்டுகள் பலருக்கு முகத்திலும் மார்பிலும் பாய்ந்திருந்தது எப்படி? உடல்களின் அருகே கிடந்த கட்டைகளில் பழைய வண்ணப்பூச்சு அடையாளங்கள் இருந்தது ஏன்? இருட்டில் நூறு பேரோடு மோதிய காவலர் தரப்பில் ஓர் உயிரிழப்பும் இல்லாதது எவ்வாறு?

பிறகு உயிர் தப்பியவர்கள் வந்தார்கள். தங்களோடு பயணம் செய்தவர்களை முதல் நாளே பேருந்திலிருந்து காவலர்கள் இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள். அவர்களில் ஒருவர் தான் தப்பிய விதத்தைச் சொன்னார். பேருந்தில் ஒரு பெண்மணியின் பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. கணவன் மனைவி என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். ஒரு மனிதன் உயிரோடிருப்பதற்கும் காட்டில் பிணமாகக் கிடப்பதற்கும் இடையே ஒரு பேருந்து இருக்கைதான் இருந்தது என்றால், வாசக அன்பர்களே, எந்த நாவலாசிரியர் இப்படி எழுதத் துணிவார்?

இச்சாட்சிகள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சி.பி.ஐ. விசாரணையும் வேண்டுமென ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு நீதிமன்றத்தை நாடி அதற்குத் தடை பெற்றது. இறந்த ஒருவரின் மனைவி, மறு பிரேதப் பரிசோதனை கேட்டு உயர் நீதிமன்றப் படியேறினார். கணவனின் உடலை எரிக்காமல் வைத்துக்கொண்டு நீதி கேட்ட அந்தப் பெண்ணின் நெஞ்சுறுதியைக் கண்ணகிக்கு ஒப்பிட்டால் மிகையாகாது. வழக்கு பதிவானது, சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்களும் அதே மாநிலக் காவல்துறையினரே. பத்தாண்டுகள் கடந்தும் எந்தக் காவலரும் இதற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

இத்தனைக்கும் இது நடப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான், 2014 செப்டம்பரில், மோதல் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. ஒவ்வொரு மோதல் சாவிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். நடந்த கையோடு யாருக்கும் பதக்கமோ பதவி உயர்வோ தரக்கூடாது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. செயல்படுத்துகிற கை எங்கே என்பதுதான் கேள்வி.

ரேணிகுண்டா நடைமேடை

அடுத்த ஆண்டு எங்கள் ஊரின் பெயரும் இந்தக் கதைக்குள் வந்தது. 2016 ஆகஸ்டு முதல் வாரத்தில் சென்னையிலிருந்து திருப்பதி சென்ற ரயிலில் இருந்த 32 தமிழர்கள் ரேணிகுண்டா நிலையத்தில் பிடிக்கப்பட்டார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. இல்லை என்றார்கள் குடும்பத்தார். அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவர்களுக்குச் சட்ட உதவி செய்ய வழக்கறிஞர்களை அனுப்பினார்.

அவர்களில் யார் பக்தர், யார் கூலி என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நடைமேடை எனக்குத் தெரியும். அங்கே இறங்கும் ஆயிரம் தமிழர்களில் இவனைப் பிடி, அவனை விடு என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்? உள்ளங்கைக் காய்ப்பு, அழுக்கு லுங்கி, கையில் ஒரு துணிப்பை. இவைதானே அடையாளம்! சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு அதே நடைமேடையில் நான் பலமுறை இறங்கியிருக்கிறேன். என்னை எவரும் நிறுத்தியதில்லை.

2017இல் ஊருக்குப் போயிருந்தபோது அந்த நிலையத்தில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். ஜவ்வாது மலைக்காரர். கடப்பா வண்டிக்காகப் பேரனோடு காத்திருந்தார். கடப்பா மத்தியச் சிறையில் மகன். நான் தமிழ்ப் பத்திரிகை படிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு தாளை நீட்டினார்.

"சாரு, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லேன்" என்றார்.

தாள் தெலுங்கில் இருந்தது. பள்ளியில் படித்த தெலுங்கு அன்று உதவிற்று. ஜாமீன் உத்தரவு அது. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

"அம்மா, உங்கள் பையனுக்கு ஜாமீன் கொடுத்து நாலு மாசம் ஆகிறதே" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வக்கீலு ஒண்ணும் சொல்லலியே சாரு. கையெழுத்துப் போட அந்த ஊருல எங்களுக்கு யாரு இருக்கறாங்க?" என்றார்.

வண்டி வந்துவிட்டது. தாளில் இருந்ததைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்து, சிறையில் சட்ட உதவி கேட்கும்படி சொல்லி ஏற்றிவிட்டேன். பேரன் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். பாலப்பள்ளி, கோடூர், ராஜம்பேட்டை, நந்தலூர், ஒண்டிமிட்டா என்று செம்மரக் காட்டின் ஓரமாகவே போகிற பாதை அது. அதே ஒண்டிமிட்டா ஏரியில்தான் 2018 பிப்ரவரியில் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன.

குடிபெயர்ந்து வந்த நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். புரியாத மொழியில் எழுதிய அரசுத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் நன்மை எழுதியிருக்கிறதா தீமை எழுதியிருக்கிறதா என்று தெரியாமல் நாமும் நின்றிருக்கிறோம். நமக்கு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். அந்தத் தாய்க்கு, வேலூரிலிருந்து நூறு கல் தொலைவுகூட இல்லாத ஊரில், ஒருவரும் இல்லை.

திரையில் ஒரு முத்துவேல்

இப்படிப்பட்ட கதையைச் சொல்லத் தமிழில் ஆளில்லாமல் போகவில்லை. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், வேலை தேடிக் குண்டூர் போய், செய்யாத குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் அடைபட்டுச் சித்திரவதை அனுபவித்தவர். அந்த அனுபவத்தை 'லாக்கப்' என்ற பெயரில் நூலாக எழுதினார். அதைக் கொண்டு வெற்றிமாறன் 'விசாரணை' படத்தை எடுத்தார். 2015 செப்டம்பரில், சேஷாசலம் சம்பவம் நடந்து ஐந்தாம் மாதம், வெனிஸ் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. தமிழின் சிறந்த படம், துணை நடிகர், படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகள் பெற்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

அதில் சமுத்திரக்கனி நடித்த ஆய்வாளர் முத்துவேலைக் கவனியுங்கள். ஆந்திர நீதிமன்றத்தில் மொழி தெரியாமல் தவிக்கும் தமிழ்த் தொழிலாளர்களின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லி அவர்களை விடுவிக்கிறவர் அவரே. பின்னர் அதே தொழிலாளர்களைத் தன் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்துகிறவரும் அவரே. அவருக்கு மனசாட்சி இருக்கிறது. ஆனால் மேலிடத்துக் கட்டளையை மீறும் அளவுக்கு இல்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அந்த அப்பாவிகளைக் கொல்லும் திட்டத்தின் நடுவே நிற்கிறார். தயங்குகிறார். தயங்கியவனையும் அந்த அமைப்பு விட்டுவைப்பதில்லை. நார்வே படத்துத் துப்பறிவாளருக்கு அண்ணன் என்றே முத்துவேலைச் சொல்லலாம். அங்கே ஒரு தனிமனிதனின் பொய். இங்கே ஒரு துறை முழுவதும் சேர்ந்து சொல்லும் பொய்.

இதே செம்மரக் காட்டை வைத்து 2021இல் 'புஷ்பா' வந்தது. நம் பிள்ளைகள் அதன் பாட்டுக்கு ஆடினார்கள். அதில் கூலிக்கு மரம் வெட்டுகிறவன் தலைவனாகி, காவல்துறைக்கே சவால் விடுகிறான். கைதட்ட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெய்யான காட்டில் கூலி தலைவனாவதில்லை. தலைவன் சுடப்படுவதும் இல்லை. இரண்டு படங்களையும் வீட்டில் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

யார் துப்பறிவது?

கறை படிந்த காவலர்களின் கதைகள் ஏன் இந்த வடநாடுகளில் இவ்வளவு பெருகின? இந்த மக்கள் நம்மைவிடக் கெட்டவர்கள் என்பதாலா? இல்லை. காவலரையும் கேள்வி கேட்கலாம் என்ற துணிவு இங்கே வேரூன்றியிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுவீடனில் அரசு அலுவலர்மீது சாதாரண மனிதன் முறையிட ஒரு நாடாளுமன்றக் குறைதீர் அதிகாரி வேண்டுமென்று 1809ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். அந்த முறையும் தோற்றுப்போவதைத்தான் ஷோவாலும் வாலோவும் 1971இல் எழுதினார்கள். நார்வே 2005இல் காவலர்மீதான குற்றச்சாட்டுகளை விசாரிக்கவென்றே காவல்துறைக்கு வெளியே தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதிலும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்வதற்கு அங்கே ஒரு வாசல் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கும் எல்லாக் குற்றத்துக்கும் விடை கிடைத்துவிடுவதில்லை. 1986 பிப்ரவரி 28 இரவு ஸ்டாக்ஹோம் தெருவில் பிரதமர் ஓலோஃப் பால்மே சுட்டுக்கொல்லப்பட்டார். தண்டனை பெற்ற ஒருவர் மேல்முறையீட்டில் விடுதலையானார். 34 ஆண்டுகள் கழித்து, 2020இல், யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தாமலே விசாரணை முடித்துவைக்கப்பட்டது. ஆனால் அந்த 34 ஆண்டுகளும் கோப்பு மூடப்படாமல் இருந்தது. புலனாய்வில் நேர்ந்த தவறுகளை அரசே குழு அமைத்து ஆராய்ந்து வெளியிட்டது. ஒரு பிரதமருக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு ஜவ்வாது மலை மரவெட்டிக்குக் கிடைக்க வேண்டாமா?

இருபது பேரும் மரம் வெட்டத்தான் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சட்டத்தில் மரம் வெட்டினால் சிறை உண்டு. மரண தண்டனை கிடையாது. தூக்கு மேடைக்குப் போகிறவனுக்குக்கூட வழக்கறிஞர், நீதிபதி, மேல்முறையீடு, கருணை மனு என்று எத்தனை படிகள்! இந்த மனிதர்களுக்கு விடியற்காலை இருட்டில் ஒரு காடு மட்டுமே இருந்தது.

"அங்கே போய் ஏன் வெட்டினார்கள்?" என்று நம்மவர்களே கேட்கக் கேட்டிருக்கிறேன். ஜவ்வாது மலையில் ஒரு காலத்தில் சந்தன மரம் செழித்திருந்தது. அதை வெட்டி எடுத்துச் செல்வம் சேர்த்தவர்கள் மலைக்குக் கீழே இருந்தார்கள். மலைமேல் இருந்தவர்களுக்குக் கூலியும் வழக்கும் மிஞ்சின. சந்தனம் தீர்ந்ததும் அதே கோடரியோடு செம்மரத்துக்கு அழைத்துப் போனார்கள். சாலை, பள்ளிக்கூடம், விளைபொருளுக்கு நல்ல விலை இவையெல்லாம் மலைக்குப் போய்ச் சேர்ந்தால் தரகனுக்கு ஆள் கிடைக்காது. காட்டைக் காப்பாற்றவும் அதுதான் வழி.

நாம் இங்கிருந்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். சில காரியங்கள் முடியும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் நம்பகமான அமைப்புகள் தமிழகத்தில் இருக்கின்றன. பொங்கல் விழாவில் திரட்டும் நிதியில் ஒரு பங்கை அவற்றுக்கு ஒதுக்கலாம். ஆந்திரச் சிறைகளில் இருக்கும் தமிழர்களுக்குத் தெலுங்கும் தமிழும் தெரிந்த சட்ட உதவியாளர் வேண்டும் என்று இரு மாநில அரசுகளுக்கும் விண்ணப்பம் எழுதலாம். நம் சங்கத்தில் இரு மொழியும் அறிந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு ஜாமீன் தாளில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அது இல்லாமல் ஒரு மனிதன் நான்கு மாதம் வீணாகச் சிறையில் கிடந்தான்.

சங்கர்லால் கதைகளில் இறுதி அத்தியாயம் நிச்சயம். வடநாட்டுக் கதைகளிலும், கறை படிந்தாலும், ஏதோ ஒரு துப்பறிவாளர் உண்மையின் வாலைப் பிடித்துவிடுகிறார். சேஷாசலம் காட்டுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. வரும்வரை அந்த இருபது பேரை மறக்காமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. அடுத்த முறை திருப்பதிக்குப் போகும்போது ரேணிகுண்டாவில் வண்டி நின்றால், கடப்பா பக்கம் போகும் நடைமேடையையும் ஒரு முறை பாருங்கள். துணிப்பையும் மடித்த தாளுமாக யாராவது உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள்.